பொருளுக்கு ஒரு வயது, வாங்குகிறவருக்கு ஒரு வயது

ஒரு புது ஷாம்பு கடைக்கு வந்து ஆறு மாதம் ஆகிறது. ஆறாவது மாதம் 10,000 பாக்கெட் விற்றிருக்கிறது என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். போன மாதத்தைவிட அதிகம் என்பதால் நிறுவனத்தில் எல்லோருக்கும் சந்தோஷம். அந்த 10,000 எப்படி வந்தது என்று யாரும் கேட்பதில்லை. 2,500 பேர் ஆளுக்கு நான்கு பாக்கெட் வாங்கியிருக்கலாம். அல்லது 10,000 பேர் ஆளுக்கு ஒன்று வாங்கிப் பார்த்துவிட்டு, திரும்ப அந்தப் பக்கமே வராமல் போயிருக்கலாம். முதல் வகையென்றால் பொருள் காலூன்றிவிட்டது. இரண்டாவது வகையென்றால், புதிதாக வாங்கிப் பார்க்க ஆள் தீர்ந்த மாதத்தில் விற்பனை சரிந்து விழும். மாதாந்திர விற்பனை அறிக்கையில் இரண்டுக்கும் ஒரே எண்தான் இருக்கும்.

பொருளின் வாழ்க்கைச் சுழற்சி என்றதும் அறிமுகம், வளர்ச்சி, முதிர்ச்சி, சரிவு என்று நான்கு கட்டங்களோடு ஒரு வளைகோடு போடுவது வழக்கம். தியடோர் லெவிட் 1965இல் ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூவில் அதைப் பற்றி எழுதினார். அதன் பிறகு மேலாண்மை வகுப்புகளில் நிலைத்துவிட்ட படம் அது. படத்தில் தவறில்லை. ஆனால் அது பொருளின் வயதை மட்டுமே காட்டும். வாங்குகிற ஒவ்வொருவருக்கும் அந்தப் பொருளோடு தனியாக ஒரு வயது இருக்கிறது: கேள்விப்பட்டவர், முதல் தடவை வாங்கியவர், மறுபடி வாங்கியவர், பழகிப்போனவர், விட்டுவிட்டவர். நாற்பது வருடப் பழைய சோப்பை நேற்று முதன்முதலாக வாங்கியவரும் உண்டு. மூன்று மாதமே ஆன பிஸ்கட்டை வாங்கி, பிடிக்காமல், அதற்குள் விட்டுவிட்டவரும் உண்டு. இந்த இரண்டு வயதையும் தனித்தனியாகக் குறித்து, பிறகு ஒன்றோடொன்று சேர்த்துப் பார்க்காத ஆய்வு எத்தனை பேரைக் கேட்டு நடந்தாலும் பாதிதான் சொல்லும்.

கடலூரில் 1983இல் சி.கே. ரங்கநாதன் தொடங்கிய சிக் ஷாம்பு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஷாம்பை சின்ன பாக்கெட்டில் அடைத்து விற்பதில் அவருடைய தந்தை சின்னி கிருஷ்ணன் ஏற்கெனவே முன்னோடி. சிக் ஒரு திட்டம் கொண்டுவந்தது: எந்த நிறுவனத்தின் ஷாம்பாக இருந்தாலும் காலி பாக்கெட்டுகளைக் கடையில் கொடுத்தால் ஒரு சிக் பாக்கெட் இலவசம். கொஞ்ச காலம் கழித்து அதை மாற்றி, சிக் காலி பாக்கெட்டுகளுக்கு மட்டுமே இலவசம் என்றார்கள். மேலோட்டமாகப் பார்த்தால் ஒரே திட்டத்தில் சின்ன திருத்தம். வாங்குகிறவரின் வயதை வைத்துப் பார்த்தால் இரண்டும் வேறு வேறு வேலை செய்கின்றன. எந்த பாக்கெட்டையும் ஏற்றுக்கொள்ளும்போது, வந்து நிற்பவர் ஏற்கெனவே ஷாம்பு போடுகிறவர் என்பதற்கு அந்தக் காலி பாக்கெட்டே சாட்சி. அவர் கையில் முதல் சிக் போய்ச் சேருகிறது. சிக் பாக்கெட் மட்டும் என்று ஆனபிறகு, ஏற்கெனவே காசு கொடுத்து வாங்கியவருக்கு மட்டுமே பலன். திட்டம் மறுபடி வாங்குவதை நோக்கித் திரும்பிவிட்டது. ஆய்வும் அதே இடத்தில் கேள்வியை மாற்றியாக வேண்டும். முதல் கட்டத்தில் ‘எத்தனை வீட்டுக்குள் போயிருக்கிறது’ என்பது கேள்வி. இரண்டாவதில் ‘போன வீட்டுக்கு மறுபடி போகிறதா’ என்பது கேள்வி.

இனி கட்டம் கட்டமாக.

சந்தைக்கு வருவதற்கு முன்னால், பொருளின் யோசனையைச் சொல்லி அபிப்பிராயம் கேட்கும் கருத்துச் சோதனையில் மிகப் பெரிய ஆபத்து மரியாதை. வீட்டுக்குள் கூப்பிட்டு, உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்த பிறகு, ‘இதை வாங்குவீர்களா?’ என்று கேட்டால் யாரும் முகத்துக்கு நேரே ‘வாங்க மாட்டேன்’ என்று சொல்வதில்லை. ஐந்து புள்ளி அளவுகோலில் ‘கண்டிப்பாக வாங்குவேன்’, ‘வாங்கலாம்’ இரண்டையும் கூட்டி எழுபது, எண்பது சதவீதம் என்று அறிக்கை எழுதுவது சுலபம். உண்மையான விற்பனை அதன் பக்கத்திலேயே வராது. இதைச் சரிசெய்ய ஆல்வின் சில்க்கும் க்ளென் அர்பனும் 1978இல் முன்வைத்த முறை இன்றும் கைகொடுக்கிறது. பதில் சொல்பவரிடம் கையில் பணம் கொடுத்து, புதுப்பொருளும் போட்டிப் பொருள்களும் உண்மையான விலையோடு அடுக்கிய ஒரு சின்ன மாதிரிக் கடையின் முன் நிறுத்துவது. பிடித்ததை வாங்கிக்கொள்ளலாம், வேண்டாமென்றால் பணத்தை வீட்டுக்கு எடுத்துப் போகலாம். தன் கைக்கு வந்த காசை விட்டுக்கொடுத்து எடுக்கும்போதுதான் விருப்பம் எவ்வளவு என்று தெரியும். புதுப்பொருளை எடுத்தவர்களை, அவர்கள் அதைத் தீர்க்கும் அளவுக்கு நாள் விட்டு, மறுபடி சந்தித்து இன்னொன்று காசு கொடுத்து வாங்குவார்களா என்று பார்ப்பது அதே முறையின் இரண்டாம் பாதி. செலவு மிச்சம் என்று இந்த இரண்டாம் பாதியைப் பலரும் வெட்டிவிடுகிறார்கள். வெட்டினால் மிஞ்சுவது வெறும் ஆசையின் அளவு.

விலைக்கு வான் வெஸ்டெண்டார்ப் 1976இல் கொடுத்த நான்கு கேள்விகள் பிரபலம். என்ன விலைக்குக் கீழே போனால் தரத்தையே சந்தேகப்படுவீர்கள்? என்ன விலை மலிவு என்று தோன்றும்? எந்த விலையில் ‘கொஞ்சம் அதிகம்தான், ஆனாலும் யோசிக்கலாம்’ என்பீர்கள்? எந்த விலைக்கு மேல் வாங்கவே மாட்டீர்கள்? பதில்களை நான்கு கோடுகளாக வரைந்து, அவை வெட்டிக்கொள்ளும் இடங்களை வைத்து விலை எல்லை சொல்லலாம். பாட்டிலுக்கு இது சரியாக வரும். பாக்கெட்டுக்கு வராது. கணக்கு 3 ரூபாய் 40 காசு என்று சொன்னால் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? பெட்டிக்கடையில் விலை என்பது நாணயம்: 1, 2, 5, 10. நடுவில் எதுவும் இல்லை. ஆகவே விலையை நிலையாக நிறுத்திவிட்டு அளவை மாற்றிக் கேட்க வேண்டும். 2 ரூபாய்க்கு எத்தனை மில்லி இருந்தால் போதும், எதற்குக் கீழே போனால் ஏமாற்று என்று தோன்றும் என்று கேட்டால் பயன்படக்கூடிய பதில் வரும். இன்னொரு விஷயம்: முற்றிலும் புதிய வகைப் பொருளுக்கு இந்த நான்கு கேள்விகளும் சரிப்படாது. ஒப்பிட்டுப் பார்க்க மனதில் வேறு விலை இல்லாதவர் வாய்க்கு வந்த எண்ணைச் சொல்வார்.

வீட்டில் கொடுத்து உபயோகிக்கச் சொல்லும் சோதனையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கேதான் நிறைய தவறு நடக்கிறது. ஒரு ஹாலில் வைத்துத் தலை அலசிக் காட்டும் சோதனையும் வீட்டுச் சோதனையும் ஒன்றில்லை. ஹாலில் நல்ல தண்ணீர். வீட்டில் போர் தண்ணீர். கடினத் தண்ணீரில் நுரை குறையும், முடி பிசுபிசுக்கும், குற்றம் ஷாம்பின் தலையில் விழும். அதனால் பதிவேட்டில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று குறிப்பது கட்டாயம்: குழாய்த் தண்ணீரா, போரா, லாரியா. முடிந்தால் மலிவாகக் கிடைக்கும் கடினத்தன்மைச் சோதனைக் கிட்டை வைத்து வீட்டிலேயே பார்த்துவிடலாம். டிடிஎஸ் மீட்டர் கரைந்திருக்கும் உப்பு எல்லாவற்றையும் சேர்த்துத்தான் காட்டும். கடினத்தன்மைக்கு அது நேரான பதில் இல்லை. அடுத்தது எண்ணெய். முதல் நாள் இரவே எண்ணெய் தேய்த்துவிட்டு மறுநாள் குளிக்கிற தலைக்கு ஒரு பாக்கெட் போதாது. நீளமான கூந்தலுக்கு இரண்டு, மூன்று ஆகும். ‘திருப்தியா?’ என்று மட்டும் கேட்டுவிட்டு, ஒரு தடவைக்கு எத்தனை பாக்கெட் ஆனது என்று கேட்காமல் வந்தால், பிறகு விற்பனை அளவைக் கணிக்க எதுவும் கையில் இருக்காது. வாயால் கேட்பதைவிட நல்ல வழி, காலி பாக்கெட்டுகளை ஒரு பையில் போட்டுவைக்கச் சொல்லி, இரண்டு வாரம் கழித்து அந்தப் பையை வாங்கி எண்ணுவது. வீட்டில் வேறு பிராண்ட் உபயோகித்திருந்தாலும் பையில் அது தெரிந்துவிடும்.

ஒருவருக்கு ஒரு பொருளை மட்டும் கொடுப்பது நல்லது. இரண்டைக் கொடுத்து ஒப்பிடச் சொன்னால், வாழ்க்கையில் கவனிக்காத வித்தியாசங்களை எல்லாம் தேடிக் கண்டுபிடித்துச் சொல்வார்கள்.

கடைக்கு வந்த பிறகு முதலில் பார்க்க வேண்டியது முதல் வாங்கலும் மறுவாங்கலும். பார்ஃபிட், காலின்ஸ் இருவரும் 1968இல் கொடுத்த கணக்கு எளிமையானது, இன்றும் அதைவிடத் தெளிவானது வந்ததாகத் தெரியவில்லை. இந்த வகைப் பொருளை வாங்குகிறவர்களில் எத்தனை பேர் நம்முடையதை ஒருமுறையாவது வாங்கினார்கள்? அப்படி வாங்கியவர்கள், அதற்குப் பிறகு இந்த வகையில் வாங்குவதில் எத்தனை சதவீதம் நம்முடையது? அவர்கள் சராசரியைவிட அதிகம் வாங்குகிறவர்களா, குறைவாக வாங்குகிறவர்களா? மூன்றையும் பெருக்கினால் கடைசியில் நிற்கப்போகும் சந்தைப் பங்கு கிடைக்கும். 20 சதவீதம் பேர் வாங்கிப் பார்த்து, மறுவாங்கல் 30 சதவீதமாக இருந்து, சராசரியைவிடப் பத்து சதவீதம் அதிகம் வாங்குகிறவர்களாக இருந்தால் 0.20 × 0.30 × 1.1, அதாவது 6.6 சதவீதம்.

இந்தக் கணக்கு கெடுவது பெரும்பாலும் நடு எண்ணில். மறுவாங்கலை நாள்காட்டியை வைத்து அளக்கக் கூடாது. ஒவ்வொருவரும் முதலில் வாங்கிய நாளிலிருந்து அளக்க வேண்டும். போன வாரம் முதல் தடவை வாங்கியவருக்கு அந்த பாக்கெட்டே இன்னும் தீர்ந்திருக்காது. அவரையும் சேர்த்து வகுத்தால் மறுவாங்கல் குறைவாகத் தெரியும். நன்றாக விற்கிற மாதத்தில்தான் புதியவர்கள் அதிகம், ஆகவே நன்றாக விற்கிற மாதத்தில்தான் கணக்கு மோசமாகத் தெரியும். வழி இதுதான்: முதல் வாங்கல் மாதத்தை வைத்து ஆட்களைத் தொகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு தொகுதிக்கும் ஒரே அளவு அவகாசம் கொடுப்பது. உதாரணத்துக்கு, ஜனவரியில் 400 பேர் முதல்முறை வாங்கினார்கள். அவர்களில் 160 பேர் 60 நாளுக்குள் மறுபடி வாங்கினார்கள். பிப்ரவரியில் 600 பேர், மறுபடி வாங்கியது 180. மார்ச்சில் 900 பேர், மறுபடி வாங்கியது அதே 180. புதியவர்களின் எண்ணிக்கை 400, 600, 900 என்று ஏறுகிறது; விற்பனைக் கோடும் ஏறும். மறுவாங்கல் 40, 30, 20 சதவீதம் என்று இறங்குகிறது. மார்ச்சில் விளம்பரமோ சலுகையோ இந்தப் பொருள் தேவையே இல்லாதவர்களை இழுத்துவந்திருக்கிறது. விற்பனைக் கோடு இதைக் காட்டுவதற்கு இன்னும் சில மாதம் ஆகும். தொகுதி அட்டவணை மே முடிவிலேயே காட்டிவிடும். இந்தச் சில மாதம்தான் ஆய்வுக்குச் செலவிட்ட பணத்துக்குப் பதில்.

60 நாள் என்பது பாக்கெட்டுக்கு. ஒரு பாட்டில் இரண்டு மாதம் வருகிற வீட்டில் 60 நாளில் மறுவாங்கலைத் தேடுவது அநியாயம். ஒரு தடவை வாங்கியது தீர ஆகும் நாளைப் போல இரண்டு, மூன்று மடங்காவது காத்திருக்க வேண்டும். இலவச மாதிரியாகக் கைக்கு வந்ததை முதல் வாங்கலாக எண்ணவே கூடாது. அதற்குப் பிறகு காசு கொடுத்து வாங்குவதே முதல் வாங்கல்.

முதல் வாங்கல் நாள் எப்படித் தெரியும்? செயலி வழியாக விற்றால் பதிவு இருக்கும். அண்ணாச்சி கடையில் இருக்காது. குடும்பங்களைத் தொடர்ந்து பதிவு செய்யும் நுகர்வோர் குழு இருந்தால் நல்லது, ஆனால் செலவு அதிகம். போதாததற்கு, நீண்ட காலம் குழுவில் இருப்பவர்கள் பதிவு செய்கிறோம் என்ற உணர்விலேயே வாங்கும் விதத்தை மாற்றிக்கொள்வார்கள். நேரில் கேட்டால் நினைவு நாளைக் கிட்டத்தில் இழுத்துக்கொண்டு வரும். ஆறு மாதத்துக்கு முன் வாங்கியதை ‘மூணு மாசம் இருக்கும்’ என்பார்கள். அதற்காகத் தேதி கேட்காமல் விசேஷங்களை வைத்துக் கேட்க வேண்டும். ‘பொங்கலுக்கு முன்னாடியா, பின்னாடியா? பிள்ளைகளுக்கு ஸ்கூல் திறந்துவிட்டதா அப்போது?’ இரண்டு கேள்வியில் மாதம் பிடிபட்டுவிடும்.

வளர்ச்சிக் கட்டத்தில் கவனம் கடைக்குத் திரும்புகிறது. நிறுவனம் அனுப்பிய சரக்கை விற்பனை என்று எடுத்துக்கொள்வது பழைய பிழை. டிஸ்ட்ரிபியூட்டர் கிடங்கும் கடை அலமாரியும் நிரம்பும் வரை வளர்ச்சி போலத்தான் இருக்கும். கடைத் தணிக்கையின் கணக்கு: முதல்நாள் ஸ்டாக், அதோடு வாங்கியது, அதிலிருந்து கடைசிநாள் ஸ்டாக்கைக் கழி. 120 பாக்கெட் இருந்தது, 240 வாங்கினார், 90 மீதி, விற்றது 270. சொல்லும்போது எளிது. கடையில் ஷாம்பு சரம் முன்னால் தொங்கும். மீதி கல்லாவுக்குக் கீழே, மேல் தட்டில், பின்கட்டில் இருக்கும். நான்கு இடத்தையும் பார்க்காமல் எண்ணியதற்கு அர்த்தமில்லை. கடைக்காரர் அவசரத்துக்கு மொத்தக் கடையில் பில் இல்லாமல் 60 பாக்கெட் வாங்கியிருந்தால் அது கணக்கில் வராது. உண்மையில் விற்றது 330. கணக்கில் விற்பனை மைனஸில் வந்தால் அது எழுத்துப் பிழை என்று அடித்துவிடக் கூடாது. பெரும்பாலும் பில் இல்லாத கொள்முதல் அங்கே ஒளிந்திருக்கும்.

எத்தனை கடையில் கிடைக்கிறது என்பதோடு எந்தக் கடையில் கிடைக்கிறது என்பதும் வேண்டும். நூறு கடையில் நாற்பதில்தான் இருக்கிறது, ஆனால் அந்த நாற்பதும் சேர்ந்து ஊரின் ஷாம்பு விற்பனையில் 70 சதவீதம் என்றால், இனி புதுக்கடை தேடி அலைவதில் பெரிய பலன் இல்லை. விற்பனை நின்றுவிட்டால் காரணம் வீட்டுக்குள் இருக்கிறது.

முதிர்ந்த பொருளில் இரண்டு தவறுகள் திரும்பத் திரும்ப வரும். ஒன்று, சின்ன பிராண்டின் வாடிக்கையாளர்களுக்கு விசுவாசம் குறைவு என்று பதறுவது. வில்லியம் மெக்ஃபீ 1963இல் கவனித்து, ஆண்ட்ரூ எரன்பர்க் பிராண்டுகளில் விரிவாகக் காட்டிய ஒழுங்கு இது: சின்ன பிராண்டை வாங்குகிறவர்களும் குறைவு, அவர்கள் வாங்கும் தடவையும் சற்றுக் குறைவு. அளவில் சிறியதாக இருப்பதாலேயே வருகிற குறை அது. ஒத்த அளவுள்ள பிராண்டோடு ஒப்பிட்டுத்தான் கவலைப்பட வேண்டுமா என்று முடிவு செய்ய முடியும்.

இரண்டாவது, மதிப்பெண்ணின் சராசரியைப் பிடித்துக்கொண்டு நிற்பது. ஃபிரெட் ரைக்கெல்ட் 2003இல் அறிமுகப்படுத்திய பரிந்துரை மதிப்பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். ‘மற்றவர்களுக்குப் பரிந்துரைப்பீர்களா?’ என்று கேட்டு 0 முதல் 10 வரை மதிப்பெண் வாங்கி, 9, 10 கொடுத்தவர்களின் சதவீதத்திலிருந்து 0 முதல் 6 வரை கொடுத்தவர்களின் சதவீதத்தைக் கழிப்பது. தண்ணீர் சுத்திகரிப்பு இயந்திரம் ஒன்றில், வாங்கி ஒரு வருடத்துக்குள் இருப்பவர்களிடம் 40, அதற்கு மேல் ஆனவர்களிடம் 20 வருகிறது என்போம். பழையவர்களுக்கு வடிகட்டி மாற்றும் செலவு வந்துவிட்டது, அவ்வளவுதான். இந்த வருடம் கேட்டவர்களில் ஐந்தில் ஒருவர் புதியவர், சராசரி 24. அடுத்த வருடம் விற்பனை சூடுபிடித்து ஐந்தில் மூவர் புதியவர், சராசரி 32. யாருடைய மனமும் ஒரு புள்ளி மாறவில்லை, ஆனால் எட்டு ஏறிவிட்டது. சந்தை முதிர்ந்து புதியவர்கள் குறையும்போது இதே எட்டு இறங்கும். சேவைப் பிரிவு செய்யாத தப்புக்குத் திட்டு வாங்கும். வாங்கி எத்தனை மாதம் ஆனது என்ற ஒரு கேள்வியைச் சேர்த்து, வயது வாரியாகப் பிரித்துக் கொடுத்தால் இது முழுக்கத் தவிர்க்கக்கூடியது.

விட்டுப்போனவர்களைத் தேடுவது கடினம், அதனாலேயே அவர்களைப் பற்றிய ஆய்வு குறைவு. இப்போது வாங்குகிறவர்களை மட்டும் கேட்டால், பிடித்துப்போய்த் தங்கியவர்களைத்தான் கேட்கிறோம். வாங்குகிறவர், ஆறு மாதமாக விட்டவர், வாங்கவே வாங்காதவர் என்று மூன்று பிரிவுக்கும் இடம் ஒதுக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் 100 பேர் என்றால் பிழை எல்லை, அதாவது கிடைத்த சதவீதம் உண்மையிலிருந்து விலகக்கூடிய அளவு, பத்து புள்ளி வரை போகும். இரண்டு பிரிவுகளுக்கு நடுவே 14 புள்ளிக்குக் குறைந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிப்பு என்று எழுதக் கூடாது. 400 பேர் என்றால் எல்லை ஐந்து புள்ளி. விட்டவரிடம் ‘ஏன் விட்டீர்கள்?’ என்று கேட்டால் ‘சும்மாதான்’ என்ற பதிலே வரும். கடைசியாக வாங்கியபோது எந்தக் கடை, அடுத்த தடவை அங்கே போனபோது என்ன நடந்தது, அப்போது கையில் வாங்கி வந்தது எது என்று வரிசையாகக் கேட்டால் பலர் விஷயத்தில் கடையில் சரக்கு இல்லாதது தெரியவரலாம்.

சரிவு என்ற முடிவுக்குத்தான் மிக அவசரப்படுகிறோம். பஜாஜ் சேத்தக் 1972இல் வந்தது. வாங்க வேண்டுமென்றால் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டிய காலம் ஒன்று இருந்தது. அந்தக் காலத்தின் விற்பனைக் கோடு தொழிற்சாலையின் கொள்ளளவைத்தான் காட்டும். தேவையை அறிய காத்திருப்போர் பட்டியலைப் பார்க்க வேண்டும். பிறகு மோட்டார் சைக்கிள் மேலேறியது, 2005-06 வாக்கில் சேத்தக் நின்றது. ஸ்கூட்டர் என்ற வகையே முடிந்தது என்று அந்தக் கோட்டைப் பார்த்தவர் நினைத்திருக்கலாம். ஆனால் 2001இல் வந்த ஹோண்டா ஆக்டிவா அதே வருடங்களில் வளர்ந்துகொண்டிருந்தது. முடிந்தது கியர் போட்டு ஓட்டும் ஸ்கூட்டர். வகையின் எல்லையை எங்கே போடுகிறோம் என்பதைப் பொறுத்து அது சரிவாகவும் தெரியும், வளர்ச்சியாகவும் தெரியும். அதனால் சரிவு ஆய்வில் முதல் அட்டவணை, விட்டுப்போனவர் அடுத்து எதை வாங்கினார் என்பதாகவே இருக்க வேண்டும். சேத்தக் என்ற பெயர் 2020இல் மின்சார ஸ்கூட்டராகத் திரும்பியும் வந்தது.

மொபெட் இதைவிடச் சுவாரசியம். 1972இல் லூனா வந்தது; 1980இல் ஓசூரிலிருந்து இரண்டு பேர் உட்காரக்கூடிய டிவிஎஸ் 50 வந்தது. பிற்பாடு பெட்ரோல் மொபெட்டை மற்ற நிறுவனங்கள் கைவிட்டன. டிவிஎஸ் விடவில்லை, 2015இல் நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினோடு எக்ஸ்எல் 100 கொண்டுவந்தது. வகை சுருங்கிய பிறகும் அதில் மிஞ்சியிருக்கும் வாடிக்கையாளர் யார் என்று தெரிந்தால்தான் இது புரியும். பால் கேன் கட்டுகிறவர், காய்கறி மூட்டை ஏற்றுகிறவர், மீன் கூடை வைத்து விற்கிறவர். இவர்களிடம் வடிவம், நிறம், வேகம் பற்றிக் கேள்வித்தாளை நீட்டினால் எல்லாவற்றுக்கும் ‘நல்லாத்தான் இருக்கு’ என்பார்கள். கேட்க வேண்டியவை வேறு: ஒரு நடைக்கு எத்தனை கிலோ, முன்னால் கால் வைக்கும் இடத்தில் எவ்வளவு, பின்னால் எவ்வளவு, நாளைக்கு எத்தனை நடை, செயினும் டயரும் எத்தனை மாதம் வருகின்றன, வண்டி ஒரு நாள் நின்றால் எவ்வளவு வருமானம் போகும். இதைக் காலை ஐந்து மணிக்குச் சந்தை வாசலில் நின்று, மூட்டை ஏற்றும்போதே பார்த்து எழுத வேண்டும். பத்து மணிக்கு வீட்டுக்குப் போனால் வண்டி காலியாக நிற்கும், பதிலும் சராசரியாக வரும். கூடவே பக்கத்து மெக்கானிக்கிடம் ஒரு கேள்வி: போன வருடம் இந்த வண்டியைக் கொண்டுவந்தவர்களில் யார் இப்போது வருவதில்லை, அவர்கள் வண்டியை விற்றார்களா, இல்லை தொழிலையே விட்டார்களா?